இரண்டு ராணிகளும் ஒரு மயிலும்

என் அக்காள் புருஷனை ஆபீஸில் எல்லோரும் மாவுக்கை என்பார்கள். எனக்கு அத்தான். விரல் இடுக்கில், நகக்கண்ணில், மணிக்கட்டு மடிப்பில், எங்கே பார்த்தாலும் வெள்ளை பிளாஸ்டர் மாவு. என் கல்யாண போட்டோவில்கூட அவர் கையில் அந்த வெள்ளை தெரியும். அருங்காட்சியகத்தில் முப்பத்தொரு வருஷம் பழைய நாணயங்களுக்குப் படி எடுத்தவர் அவர். நான் அதே கட்டடத்தில் நாணய அறை வாசலில் காவலாளி. அக்காள் புருஷனுக்கு வாசல் காக்கிற மச்சான் என்று கிண்டல் செய்யாதவர் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும், வாசலில் நின்றதால்தான் இதை நான் சொல்ல முடிகிறது.

தங்க நாணயத்தை யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டால் படியைத்தான் அனுப்புவது. அத்தான் நாணயத்தின் மேல் பவுடரைத் தூவி, மெழுகுக் களியில் ஒரே அழுத்தாக அழுத்தி எடுப்பார். அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவார். இறுகியதும் ராஜாவின் முகம் வெள்ளையாக எழுந்து வரும், மூக்கில் இருக்கும் கீறல்கூடத் தப்பாது. ஒரு நாணயத்துக்கு இரண்டு பக்கம், அதனால் இரண்டு வில்லை. காலையில் முகங்களை எல்லாம் முடித்துவிட்டு, மத்தியானம் முதுகுகளை எடுப்பது அவர் வழக்கம். பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே வில்லையின் பின்னால் பென்சிலால் நாணயத்தின் எண்ணை எழுதிவிட வேண்டும். பிறகு ஒரே எண் கொண்ட இரண்டையும் ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். அந்த எண் விட்டுப்போனால் எந்த முகத்துக்கு எந்த முதுகு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எண் விட்டுப்போனதே இல்லை. அப்படித்தான் எல்லோரும் நம்பினோம். நாணய அறைக்குப் பொறுப்பான மேடம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "அவர் எழுதின நம்பர்னா நான் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டேன்." கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் கோபக்கார மனுஷி. அவர் வாயில் பாராட்டு வருவது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற மாதிரி. அதனால் அந்த ஒரு வாக்கியத்தை அத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

ராஜா ராணிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் தினமும் வாசலில் நின்று மேடம் மாணவர்களுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ரோமாபுரிக் காசுகள் எனக்கும் பழகிவிட்டன. தலையில் இலை மாலை இருந்தால் ராஜா. முக்காடு போட்டுக்கொண்டு கிண்ணத்தைச் சாய்த்தால் அதே ராஜா பூசாரி. சிறகு முளைத்த பெண் அவனுக்கு மாலை நீட்டினால் எங்கோ ஓர் ஊர் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் செத்த பிறகு, அடுத்த ராஜா அவனைச் சாமியாக்கிக் காசு அடிப்பான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், ரோமாபுரியில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறான். சாமியான ராஜாவுக்கு முதுகில் கழுகு. சாமியான ராணிக்கு மயில். அந்தப் பறவைதான் செத்தவரை மேலே கொண்டுபோய் விடுகிறதாம். மேடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தான் மாவு கரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு பானை வந்தது. உள்ளே நாற்பத்துமூன்று ரோமாபுரித் தங்கக் காசுகள். மண்ணில் ஆயிரத்தெண்ணூறு வருஷம் கிடந்தும் நேற்று அடித்த மாதிரி மஞ்சள். எங்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள். இடத்துக்காரரும் தோண்டிய ஒப்பந்தக்காரரும் எனக்கு உனக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். மேடம் அப்போது வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். அவர் திரும்பி வந்த பிறகு போட்டோ எடுக்கலாம் என்று பேச்சு. அதற்குள் கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது: வழக்கு முடியும்வரை பானையோடு காசுகள் கோர்ட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும், நாளை காலை பத்து மணிக்கு ஒப்படைக்கவும். கையிலிருந்தது ஒரே பகல். அத்தானை அழைத்துவரச் சொல்லி அனுப்பினார்கள்.

அத்தான் அப்போது விடுப்பில் இருந்தார். அவருடைய ஒரே மகள், என் கையைப் பிடித்து நடை பழகிய பெண், முதல் பிரசவத்தில் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. குழந்தை பிழைத்தது. அந்தக் குழந்தையின் அப்பன் ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அவனைப் பற்றிப் பேசினால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். குழந்தை அக்காள் இடுப்பில் ஏறிக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. செத்தவளின் படத்தை அக்காள் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். அவள் பெயரை எடுத்தால் அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். கொஞ்ச நாளில் நாங்களும் எடுக்காமல் இருக்கப் பழகினோம்.

கூப்பிட்டதும் வந்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். "சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு இது மேல்" என்றார். அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்தார். நாற்பத்துமூன்று முகம், நாற்பத்துமூன்று முதுகு. மறுநாள் பத்து மணிக்குக் காசுப் பெட்டி கோர்ட்டுக்குப் போனது. மேடம் வந்து பார்த்தபோது தங்கம் இல்லை, அட்டைகள் வரிசையாக இருந்தன. மேடம் அட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தொட்டார். துக்கம் கேட்கவும் அதேதான், நன்றி சொல்லவும் அதேதான்.

வழக்கு இழுத்தது, இழுத்தது, இரண்டு பேரும் செத்து அவர்கள் பிள்ளைகள் தொடர்ந்தார்கள். இதற்குள் மேடம் அந்த அட்டைகளை வைத்து ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அதில் பேர் வாங்கியது பதினேழாம் காசும் பதினெட்டாம் காசும். இரண்டிலும் ராணிகள். அம்மாவும் மகளும், இருவருக்கும் ஒரே பெயர், முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். தலையை வைத்துத்தான் அடையாளம். அம்மா பின்னலைச் சுருட்டி உச்சியில் ஏற்றிவைத்திருப்பாள். மகளுக்குக் கொண்டை தாழ்வாகப் பிடரியில். அம்மாவின் காசில் அவள் செத்துச் சாமியாகிவிட்டாள் என்று எழுத்திலேயே இருக்கிறது. மகளின் காசு அவள் உயிரோடு இருக்கும்போது அடித்தது. ஆனால் அட்டையில் உயிரோடிருந்த மகளுக்கு முதுகில் மயில், செத்த அம்மாவுக்கு முதுகில் பிள்ளைகளை ஏந்தி நிற்கும் ஒரு பெண்.

இது எப்படி என்று மேடம் பதினெட்டு பக்கம் எழுதினார். ரோமாபுரி நாணயப் பட்டறையில் ஓர் ஆள் அச்சுகளை மாற்றிப் போட்டிருக்கிறான். இரண்டு காசும் ஒரே நாளில், ஒரே ஆள் கையில் மாறியிருக்கின்றன. அவன் அசதியில் இருந்திருக்கலாம், குடித்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. ஆமாம் என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர். எல்லோரும் அந்த இரண்டு காசுக்குப் படி கேட்டார்கள். அத்தான் அட்டையிலிருந்து மறுபடி மறுபடி வார்த்து அனுப்பினார். அறுபது தடவையாவது இருக்கும்.

போன வருஷம் தீர்ப்பு வந்தது. காசுகள் அருங்காட்சியகத்துக்கே. ஊர் கொள்ளாத சந்தோஷம். மகள் முகமும் மயிலும் போட்டு இரண்டு மாடி உயரத்துக்குப் படம் அச்சடித்து முன்வாசலில் தொங்கவிட்டார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, இயக்குநரும் பேராசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்க்க மேடம் பெட்டியைத் திறப்பார். அவர் ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. அத்தானுக்கு இரண்டு.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அத்தான் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான், அக்கா சமையல் இன்னிக்குத்தான் புரிஞ்சுதா?" என்றேன்.

"அந்த ரெண்டு காசும் தப்பு. முதுகு மாறியிருக்கு. பெட்டியைத் திறந்தா தெரிஞ்சுடும்" என்றார்.

அன்றைய அசதியில் நான்கு வில்லைகளுக்கு எண் எழுதாமல் விட்டுவிட்டாராம். கவனித்தபோது காசுகள் உள்ளே பூட்டியாகிவிட்டதாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினேன். பிறகு என் புத்தி வேலை செய்தது. "வாயைத் திறக்காதீங்க. மேடம் திறக்கட்டும், தானாத் தெரியட்டும். பென்சில் அழிஞ்சு போச்சு, யாரோ அட்டையை மாத்திட்டாங்கன்னு ஆயிரம் சொல்லலாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு யார் சாட்சி?"

"அத்தனை பேர் முன்னாடி அவங்களுக்குத் தெரியணுமா?" என்றார் அத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லிக் கொடுத்த நான் என் டப்பாவை மூடினேன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவர் அட்டை இழுப்பறையை மாரோடு அணைத்துக்கொண்டு நாணய அறைக்குள் போனார். கதவு திறந்திருக்கும்போது காவலாளி நகரக் கூடாது என்பது விதி. நான் நகரவில்லை.

"மேடம், நாளைக்குப் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பதினேழும் பதினெட்டும் முதுகு மாறியிருக்கு. காசுல சரியாத்தான் இருக்கு. என் அட்டையிலதான் தப்பு."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டி அட்டைகளைப் பார்த்தார். பிறகு கழற்றினார். "எப்போ தெரியும் உங்களுக்கு?" என்றார்.

"அன்னிக்கே."

"இருபத்திரண்டு வருஷம் தினமும் எனக்கு வணக்கம் சொன்னீங்க."

அத்தான் தலை குனிந்திருந்தார். மேடம் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் குரல் இறங்கியது. "நம்பர் எழுத மறந்துட்டீங்க, இல்லையா? அன்னிக்கு நீங்க இருந்த நிலைமை எனக்குத் தெரியும். அசதியில மாறிப்போச்சு. மனுஷன்தானே."

அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று நான் வாசலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"நம்பர் எழுத மறந்தது உண்மை" என்றார் அத்தான். "ஆனா மாறினது மறதியில இல்ல மேடம். காசை முன்னாடியும் பின்னாடியும் புரட்டினது இந்தக் கை. எதுக்கு எது முதுகுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"இந்தச் சின்ன ராணிக்குப் பக்கத்துல புள்ளைங்களோட நிக்கறவளை ஒட்டணும். கையில எடுத்துட்டேன். முடியலை. என் பொண்ணு புள்ளையைத் தூக்கவே இல்ல மேடம். ஒரு தடவைகூட." அட்டையிலிருந்த மயிலைத் தொட்டார். "மயில் மேல கூட்டிட்டுப் போயிடும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அதை இவளுக்கு வெச்சேன். புள்ளை என் சம்சாரம் இடுப்புல இருந்துச்சு. அதனால அதைப் பெரியவளுக்கு வெச்சேன். காலையில மாத்திடலாம்னுதான் நினைச்சேன். காலையில பார்த்தா, சரியா இருக்கற மாதிரி இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடம் எழுதிய பதினெட்டு பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் மாறின, ஒரே ஆள் கையில் மாறின. காலம் மட்டும்தான் ஆயிரத்தெண்ணூறு வருஷம் பிசகு. சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது, காவல் உடுப்போடு நின்றுகொண்டு அழுதேன்.

"குடிச்சிருக்கலாம்னு எழுதினேன்" என்றார் மேடம். அவர் யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "குடிச்சிருந்தீங்களா அன்னிக்கு?"

"தண்ணிகூடக் குடிக்கலை மேடம்."

"சரி, நீங்க போங்க" என்றார். என்னைப் பார்த்து, "கதவைச் சாத்துங்க" என்றார். ஆபீஸ் முடிகிறவரை அந்தக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். ஒரு சாவியை நான் திருப்பினேன், மறு சாவியை மேடம் திருப்பினார். பதினேழையும் பதினெட்டையும் முதலில் எடுத்துப் பஞ்சில் வைத்தார். புரட்டினார். உச்சிக் கொண்டைக்காரிக்குப் பின்னால் மயில். பிடரிக் கொண்டைக்காரிக்குப் பின்னால் பிள்ளைகளை ஏந்தியவள்.

"என் புத்தகத்துல இந்த ரெண்டு காசும் தவறு. நான் காசைப் பார்க்காம படியைப் பார்த்து எழுதினேன். அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார் மேடம். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர், இத்தனை வருஷம் 'இல்லை' கட்சியில் இருந்தவர், "அப்ப படி எடுத்தவர் செய்த தவறா?" என்று கேட்டார்.

"பார்க்காம எழுதச் சொன்னது அவர் இல்ல" என்றார் மேடம்.

சுவரோரம் நின்ற அத்தான் கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. "மாத்தி வெச்சது நான்தான்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தை அங்கே அவரும் சொல்லவில்லை, மேடமும் சொல்லவில்லை.

பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதின. முன்வாசல் படத்தைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள். மேடத்தை வெளிநாட்டில் பேச அழைத்திருந்தவர்கள் வேறு தேதி சொல்கிறோம் என்று எழுதினார்கள், தேதி வரவே இல்லை. அத்தானிடம் விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. எண் எழுதத் தவறினேன் என்று ஒரு வரியில் பதில் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

அடுத்த வாரம் மேடம் பழைய அட்டைகள் இரண்டையும் அத்தான் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "நீங்களே மாத்தி ஒட்டுங்க. வேற யாரும் தொட வேண்டாம்" என்றார். அத்தான் ஈரத்துணியால் பசையை ஊறவைத்து, கத்தி முனையால் வில்லைகளைப் பெயர்த்தார். அதில் ஒரு பகல் போனது. மயிலை அம்மாவுக்குக் கொடுத்தார். பிள்ளைக்காரியை மகளுக்குப் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டிக்கிச்சு, விடுங்க அத்தான்" என்றேன்.

"இவ உயிரோட இருந்திருக்கா" என்றார். "புள்ளைங்களோட."

ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கு அக்காளையும் பாப்பாவையும் அழைத்து வந்தார். பாப்பா என்றால் இருபத்திரண்டு வயசுப் பாப்பா, பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். வளர்த்த அக்காளை அம்மா என்பாள், அத்தானைத் தாத்தா என்பாள். அம்மாவுக்குத் தாத்தா புருஷனான அதிசயம் எங்கள் வீட்டில்தான் உண்டு என்று நான் வருஷக்கணக்காகக் கேலி செய்துவருகிறேன். அந்த முறை எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும். கேட்டால் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார் என்பதும் தெரியும்.

கூட்டம் அன்று நெரிந்தது. நகருங்க, நகருங்க என்று வரிசையை ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் இரண்டு காசும் எரிகிற மாதிரி இருந்தன, பக்கத்திலேயே அத்தானின் வெள்ளை வில்லைகள். பாப்பா குனிந்து பார்த்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் யாரு தாத்தா?"

"அம்மாவும் பொண்ணும்."

"ஒரே மாதிரி இருக்காங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கொண்டையைப் பாரு. அம்மா மேல போட்டிருக்கா. பொண்ணு கீழ."

பாப்பா கொஞ்ச நேரம் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பிறகு நிமிராமலே, மெதுவாக, "என்னைப் பெத்தவங்க எப்படிப் போட்டுப்பாங்க?" என்று கேட்டாள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். அத்தான் வாசல் பக்கம் திரும்பினார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு அடி எடுத்து வைத்தார். நின்றார். திரும்பி வந்து, மாவு படிந்த அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பாப்பாவின் பிடரியில் வைத்து, விரல்களைக் குவித்தார்.

"இங்க" என்றார். "கீழ. ஒரு பக்கமா கொஞ்சம் சரிஞ்சிருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் நேராப் போட்டுக்க மாட்டா."

பின்னால் வரிசை நெருக்கியது. முன்னால் என்ன அடைப்பு என்று யாரோ கேட்டார்கள். நான் கயிற்றை இழுத்துக் கட்டி, கொஞ்சம் பொறுங்க என்றேன்.